கேத்தல் கணக்கு சரி, பல்ப் கணக்கு உதைக்கிறது: ஓமின் விதி வீட்டில் ஏன் மாறுகிறது?

வாசு_கொழும்பு6 | இரவு 8.10

மகள் அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். ரியூஷனில் கொடுத்த கணக்கு இது: ஒரு தடையியின் முனைகளுக்கிடையே அழுத்த வித்தியாசம் 12 வோல்ட், அதனூடாகப் போகும் மின்னோட்டம் 0.5 அம்பியர். தடையையும் வலுவையும் காண்க. பார்த்த மாத்திரத்தில் போட்டுவிட்டாள். ஓமின் விதிப்படி தடை = அழுத்தம் ÷ மின்னோட்டம், ஆகவே 12ஐ 0.5ஆல் பிரித்தால் 24 ஓம், 12ஐ 0.5ஆல் பெருக்கினால் 6 வாட். அதோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. "வீட்டுச் சாமான்களுக்கும் இது சரி வருமா அப்பா?" என்று கேட்டாள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று வீட்டில் இருக்கிறது. ப்ளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று சாமான்களின் தடையை அளந்தோம். வீட்டுக்கு வரும் அழுத்தம் சுமார் 230 வோல்ட், வலு = அழுத்தத்தின் வர்க்கம் ÷ தடை. ஆகவே 230ஐ 230ஆல் பெருக்கி, வந்த 52,900ஐத் தடையால் பிரித்து வலுவைக் கணித்தோம்.

கேத்தல்: லேபலில் 220–240 வோல்ட், 1850–2200 வாட் என்று இருக்கிறது. அளந்த தடை 26.6 ஓம். கணக்கில் 1989 வாட். பொருந்துகிறது.

பழைய இழை பல்ப், 60 வாட்: அளந்த தடை 64 ஓம். கணக்கில் 827 வாட்!

ஸ்டாண்ட் ஃபேன், 55 வாட்: அளந்த தடை 380 ஓம். கணக்கில் 139 வாட்.

ஒன்று சரி, இரண்டு பிழை. மீற்றர் மலிவானது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் கேத்தலுக்கு மட்டும் எப்படிச் சரியாகக் காட்டியது? விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைக்குப் புரியும்படி சொன்னால் இன்னும் நல்லது.

---

சும்மா_வாசிப்பவன் | இரவு 8.24

827 வாட் பல்ப் என்றால் அதிலேயே சோறு சமைக்கலாம் அண்ணா.

---

பௌதிகம்_பம்பலப்பிட்டி | இரவு 8.41

வாசு அண்ணா, உங்கள் மீற்றரில் ஒரு பிழையும் இல்லை. பல்பும் ஃபேனும் வெவ்வேறு காரணங்களால் உதைக்கின்றன. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் கேத்தல், ஏனென்றால் அது இன்னும் அழகாகப் பொருந்தும்.

மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூச்சியம் காட்டாது, 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயரின் சொந்தத் தடை. 26.6இலிருந்து அதைக் கழித்தால்தான் கேத்தலின் உண்மையான தடை கிடைக்கும்.

இப்போது லேபலைப் பாருங்கள். 220–240 வோல்ட், 1850–2200 வாட். பலர் இதை ஏதோ குத்துமதிப்பு என்று நினைக்கிறார்கள். 240 வோல்ட்டில் 2200 வாட் என்றால் தடை எவ்வளவு? 240 × 240 ÷ 2200 = 26.18 ஓம். அதே 26.18 ஓமுக்கு 220 வோல்ட் கொடுத்தால்? 220 × 220 ÷ 26.18 = 1849 வாட். லேபலின் கீழ் எண் அதுதான். ஒரே சுருளுக்கு இரண்டு வோல்ட்டில் கிடைக்கும் இரண்டு வலுக்களை அச்சடித்திருக்கிறார்கள். உங்கள் மகளை இந்தக் கணக்கைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், தடையை எழுதாமலேயே லேபல் தடையைச் சொல்லிவிடுகிறது.

பல்புக்கு வருவோம். நீங்கள் அளந்தது அணைந்து கிடக்கும் பல்பின் தடை. எரியும்போது அந்த டங்ஸ்டன் இழை 2500 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது. உலோகம் சூடாகச் சூடாக அதன் தடை கூடும். 60 வாட்டில் எரியும் பல்பின் தடை 52,900 ÷ 60 = 882 ஓம். குளிரில் 64, சூட்டில் 882, கிட்டத்தட்ட 14 மடங்கு. உங்கள் 827 வாட்டும் முழுப் பொய் இல்லை. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில், இழை சூடாகும் முன்பு, பல்ப் உண்மையிலேயே 3.6 அம்பியர் இழுக்கிறது. சூடானதும் 0.26க்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல் சுவிட்ச் போடும்போதே "டப்" என்று போவதற்குக் காரணம் இதுதான்.

கேத்தலுக்கு ஏன் இந்தக் கூத்து இல்லை? அதன் சுருள் நிக்ரோம் வகைக் கலப்புலோகம். சூடானாலும் தடை சில வீதம்தான் மாறும். போதாததற்குச் சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அது பல்ப் இழை போல வெள்ளைச் சூட்டுக்குப் போவதும் இல்லை.

ஓமின் விதியைச் சொல்லும்போது பாடப்புத்தகத்தில் "வெப்பநிலை மாறாதிருக்கும்போது" என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் அதை விட்டுவிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். கியோர்க் ஓம் 1827இல் விதியை வெளியிடுவதற்கு முன்பு அவருக்கே அழுத்தத்தை நிலையாக வைப்பது பெரும் பாடாக இருந்தது. அந்தக் கால மின்கலங்களின் அழுத்தம் நிற்காது. அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் எழும் சின்ன அழுத்தத்தைப் பயன்படுத்தினார். கொதிநீரும் பனிக்கட்டியும் வெப்பநிலை மாறாமல் நிற்கும், அழுத்தமும் நின்றது.

ஃபேனைப் பற்றி வேறு யாராவது எழுதாவிட்டால் நாளைக்கு நான் எழுதுகிறேன்.

---

வயரிங்_மாமா | இரவு 9.02

தம்பி வாசு, தடை அளந்தது சரி. ப்ளக்கைக் கழற்றிவிட்டு அளந்தீர்கள், அதுவும் சரி. அடுத்ததாக என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "கரண்டையும் அளந்து பார்ப்போம்" என்று மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் சொருகி, முனைகளை ப்ளக் பேஸுக்குள் விடுவீர்கள். செய்யவே வேண்டாம்.

காரணத்தை உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். அம்பியர் அளக்கும்போது மீற்றரின் தடை மிக மிகக் குறைவு. அதையும் வயரையும் சேர்த்து 0.2 ஓம் என்று வையுங்கள். 230ஐ 0.2ஆல் பிரித்தால் 1150 அம்பியர். லைன் வயரின் தடை அதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனாலும் நூற்றுக்கணக்கில் வரும். மலிவு மீற்றரில் அந்தத் துளைக்கு உருகியே (ஃபியூஸ்) இல்லாமல் விடுகிறார்கள். கையிலேயே வெடிக்கும். என் தொழிற்காலத்தில் முகம் கருகியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையை வைத்துக்கொண்டு மெயின் கரண்டில் எதையும் அளக்க வேண்டாம். பிள்ளைக்கு 1.5 வோல்ட் பற்றரி நாலும் ஒரு சின்னத் தடையியும் போதும்.

---

வாசு_கொழும்பு6 | இரவு 9.15

நன்றி மாமா, அந்தப் பக்கமே போக மாட்டேன். அப்படியானால் கேத்தல் உண்மையில் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்பதை ஒரு வயரையும் தொடாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

---

வயரிங்_மாமா | இரவு 9.33

இருக்கிறது. வீட்டுக்கு வெளியே பெட்டிக்குள் தொங்குகிறதே கரண்ட் மீற்றர், அதைவிட நல்ல கருவி உங்களுக்குக் கிடைக்காது. டிஜிட்டல் மீற்றர் என்றால் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னும். ஒரு கிலோவாட்மணிக்கு எத்தனை துடிப்பு என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். என் வீட்டில் 1600. உங்கள் மீற்றரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோவாட்மணி என்பது 36 இலட்சம் யூல். 1600ஆல் பிரித்தால் ஒரு மின்னலுக்கு 2250 யூல். மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டி உட்பட. கேத்தலை மட்டும் போடுங்கள். ஒரு மின்னலில் கடிகாரத்தைத் தொடங்குங்கள், அதைப் பூச்சியம் என்று எண்ணுங்கள், பத்தில் நிறுத்துங்கள். பத்து மின்னலுக்கு 22,500 யூல். அதை எடுத்த செக்கனால் பிரித்தால் வாட்.

பழைய தட்டு சுற்றும் மீற்றர் என்றாலும் இதே வழிதான். அதில் ஒரு கிலோவாட்மணிக்கு எத்தனை சுற்று என்று போட்டிருக்கும்.

---

நிரோ_ஏஎல் | இரவு 9.50

எனக்கு ஒரு சந்தேகம். வகுப்பில் யாரைக் கேட்டாலும் சூத்திரத்தை மட்டும் திருப்பிச் சொல்கிறார்கள்.

வலு = மின்னோட்டத்தின் வர்க்கம் × தடை. அப்படியானால் தடை கூடினால் வலு கூட வேண்டும்.

வலு = அழுத்தத்தின் வர்க்கம் ÷ தடை. அப்படியானால் தடை கூடினால் வலு குறைய வேண்டும்.

எது உண்மை?

---

பௌதிகம்_பம்பலப்பிட்டி | இரவு 10.20

நிரோ, இரண்டும் உண்மை. சூத்திரத்தைப் பார்க்கும் முன்பு "இங்கே எது மாறாமல் நிற்கிறது?" என்று கேட்க வேண்டும்.

வீட்டில் ப்ளக் பேஸ்கள் எல்லாம் சமாந்தரமாக இணைந்திருக்கின்றன. எதைச் சொருகினாலும் அதற்குக் கிடைப்பது சுமார் 230 வோல்ட்டே. அழுத்தம் நிலையானது. ஆகவே தடை குறைந்த சாமான்தான் அதிக வலு இழுக்கும். 60 வாட் பல்ப் 882 ஓம், 100 வாட் பல்ப் 529 ஓம், கேத்தல் 26 ஓம். வாட் கூடக் கூட ஓம் குறைகிறது.

அதே 60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பாருங்கள். இப்போது இரண்டுக்கும் பொதுவானது மின்னோட்டம். மொத்தத் தடை 1411 ஓம், மின்னோட்டம் 0.163 அம்பியர். 60 வாட் பல்புக்கு 23 வாட் கிடைக்கும், 100 வாட் பல்புக்கு 14 வாட்தான். சின்னப் பல்ப் பிரகாசமாக எரியும், பெரியது மங்கும். பரீட்சையில் இதை மாற்றி எழுதிப் புள்ளியை விடுபவர்கள் ஏராளம்.

---

நிரோ_ஏஎல் | இரவு 10.31

ஆனால் நீங்களே மேலே சொன்னீர்களே, இழையின் தடை சூட்டைப் பொறுத்தது என்று. 23 வாட்டில் எரியும்போது 882 ஓம் இருக்காதே?

---

பௌதிகம்_பம்பலப்பிட்டி | இரவு 10.38

இருக்காது. இரண்டும் முழுச் சூட்டுக்குப் போகாது, 100 வாட் பல்ப் இன்னும் குளிர்ந்து கிடக்கும், அதனால் அதன் தடை இன்னும் விழும். எண்கள் மாறும். ஆனால் 60 வாட் பல்ப்தான் பிரகாசமாக எரியும் என்ற முடிவு மாறாது, வித்தியாசம் இன்னும் கூடும். பரீட்சையில் 882, 529 என்று போட்டால் போதும். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம்.

---

ராஜி_கொட்டாஞ்சேனை | இரவு 10.52

நான் கணக்குப் படித்து வெகு காலம். ஆனால் இதை வாசிக்கும்போது என் குசினிப் பிரச்சினை ஞாபகம் வருகிறது. வீட்டில் கேக் செய்து விற்கிறேன். மேசையில் வைக்கும் அவன் (கேக் சுடும் மின் அடுப்பு) 1400 வாட், மிக்சர் 300 வாட், கேத்தல் 2000 வாட். மூன்றும் ஒரே மல்டிப்ளக்கில். அந்த மல்டிப்ளக் ஒரு 10 மீற்றர் எக்ஸ்டென்ஷன் கோட்டில். பாதி வயர் உருளையில் சுற்றியபடியே கிடக்கிறது.

வயர் சூடாகிறது. சுவரில் சொருகும் ப்ளக் டொப்பின் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் மண்ணிறமாகிவிட்டது, ஒரு மாதிரி மீன் வாடை வருகிறது. பிரேக்கர் விழவும் இல்லை, ப்ளக் டொப்பில் உள்ள 13 அம்பியர் உருகி போகவும் இல்லை. அது போகாவிட்டால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்?

---

வயரிங்_மாமா | இரவு 11.05

தங்கச்சி, முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு வாசியுங்கள்.

3700 வாட்டை 230ஆல் பிரித்தால் 16 அம்பியர். 13 அம்பியர் உருகி 16 அம்பியரில் உடனே போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகாது, மணிக்கணக்காகத் தாங்கும். ஷோர்ட் ஆனால் அது நொடியில் போகும், கொஞ்சம் கூடுதலாக இழுப்பதை அது பொறுத்துக்கொண்டே இருக்கும். இப்படிக் குறைந்த அளவில் கூடும்போது பிரேக்கரும் அவசரப்படாது.

இப்போது வயர். கடையில் விற்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் கோட்களில் பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீற்றர் வயர்தான் இருக்கும். அதன் தடை கிலோமீற்றருக்கு 26 ஓம். 10 மீற்றர் கோட் என்றால் கரண்ட் போக 10, வர 10, ஆக 20 மீற்றர். 0.52 ஓம். சின்ன எண் மாதிரித்தான் தெரியும். 16 அம்பியரில் அந்த வயர் மட்டும் தின்னும் வலு 16 × 16 × 0.52 = 133 வாட். இரண்டு பழைய 60 வாட் பல்பை விடக் கூட. நீட்டி விரித்திருந்தால் அந்தச் சூடு காற்றோடு போகும். நீங்களோ பாதியைச் சுருட்டி வைத்திருக்கிறீர்கள், சூட்டுக்கு வெளியேற இடம் இல்லை.

அதைவிட மோசம் அந்த மண்ணிறப் பின். பேஸுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து, தொடும் இடத்தில் 0.2 ஓம் வந்துவிட்டது என்று வையுங்கள். 16 × 16 × 0.2 = 51 வாட். ஒரு சோள மணி அளவு இடத்தில் 51 வாட்! பிளாஸ்டிக் கருகாமல் என்ன செய்யும்? சூடானால் கவ்வி இன்னும் தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் இன்னும் சூடு. மீன் வாடை என்பது கருகும் பிளாஸ்டிக்கின் வாடை.

கேத்தலை மட்டும் போட்டால் அதே இடத்தில் 15 வாட்தான். கரண்ட் இரண்டு மடங்கு ஆகாமலேயே சூடு மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது பாருங்கள், வர்க்கத்தின் வேலை அது.

பேஸையும் ப்ளக் டொப்பையும் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய தளர்ந்த கவ்வி புதிய பின்னையும் கெடுக்கும். அந்த மின் அடுப்புக்குத் தனி ப்ளக் பேஸ் ஒன்று, 7/0.67 வயரில் இழுக்கச் சொல்லுங்கள். 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள 7 இழை, கிட்டத்தட்ட 2.5 சதுர மில்லிமீற்றர். லைட்டுக்குப் போடும் 1/1.13 வயரில் இழுக்க விடாதீர்கள், அது 1 சதுர மில்லிமீற்றர்தான். சில பாஸ்மார் (வயரிங் வேலைக்கு வருபவர்கள்) மிச்சமிருக்கும் வயரில் இழுத்துவிட்டுப் போவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

---

ராஜி_கொட்டாஞ்சேனை | இரவு 11.14

கழற்றிவிட்டேன் அண்ணா. நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன். கேத்தலை முன் அறைக்கு அனுப்பியாயிற்று.

---

சும்மா_வாசிப்பவன் | காலை 6.48

இவ்வளவையும் வாசித்துவிட்டுக் கேட்கிறேன். மாலையில் எங்கள் பக்கம் வோல்ட் இறங்கும், லைட் மங்கும். வோல்ட் குறைந்தால் கேத்தல் வலுவும் குறையும், அப்படியானால் பில்லும் குறையும்தானே? மாலையில் தேத்தண்ணீர் போட்டால் லாபமா?

---

பௌதிகம்_பம்பலப்பிட்டி | காலை 7.20

லாபம் இல்லை, தேத்தண்ணீர்தான் தாமதம்.

ஒன்றரை லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100க்குக் கொண்டுபோக 1.5 × 4200 × 72, சுமார் 4 இலட்சத்து 54 ஆயிரம் யூல் வேண்டும். 0.126 யூனிட், அதாவது கிலோவாட்மணி. அது தண்ணீர் கேட்கும் அளவு, வோல்ட் எவ்வளவாக இருந்தாலும் மாறாது. 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 3 நிமிடம் 47 செக்கன். 210 வோல்ட்டுக்கு இறங்கினால் வலு 1670 வாட்டாகும், 4 நிமிடம் 32 செக்கன் எடுக்கும். மெதுவாகக் கொதிப்பதால் சுற்றுப்புறத்துக்கு இழக்கும் சூடு கொஞ்சம் கூடும், ஆகவே பில் ஒரு துளி கூடத்தான் செய்யும். வோல்ட் 9 வீதம் குறைந்ததற்கு வலு 17 வீதம் குறைந்திருக்கிறது.

லாபம் வேண்டுமானால் இரண்டு கோப்பை தேத்தண்ணீருக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

---

வாசு_கொழும்பு6 | காலை 7.55

மாமா சொன்னபடி மீற்றர் பார்த்தோம். எங்கள் மீற்றரிலும் 1600. மகள் கடிகாரம் பிடித்தாள், பத்துத் துடிப்புக்கு 11.4 செக்கன். 22,500 ÷ 11.4 = 1974 வாட். முனைகளைச் சேர்த்துத் தொட்டால் மல்டிமீற்றர் 0.4 காட்டுகிறது, ஆகவே கேத்தலின் தடை 26.2 ஓம்.

---

பௌதிகம்_பம்பலப்பிட்டி | காலை 8.05

அருமை. லேபல் சொன்ன 26.18ஓடு ஒத்துப்போகிறது. இப்போது உங்களிடம் வலுவும் தடையும் இருக்கின்றன, மற்ற இரண்டையும் மகளே கண்டுபிடிக்கலாம். 1974ஐ 26.2ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் மின்னோட்டம் 8.68 அம்பியர். 1974ஐ 26.2ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 227 வோல்ட். இன்று காலை உங்கள் ப்ளக் பேஸில் இருந்த அழுத்தம் சுமார் அவ்வளவு. ஒரு வயரையும் தொடாமல் வோல்ட், அம்பியர், ஓம், வாட் நாலும் கையில். நாலில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டும் வந்துவிடும்.

இனி ஃபேன். யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

மல்டிமீற்றர் தடையை அளக்கும்போது தன் பற்றரியிலிருந்து ஒரு சின்ன நேரோட்டத்தை, அதாவது ஒரே திசையில் போகும் மின்னோட்டத்தை, அனுப்புகிறது. அது செம்புச் சுருளின் தடையை மட்டும் பார்க்கும். வீட்டுக்கு வருவதோ செக்கனுக்கு 50 தடவை மாறும் ஆடலோட்டம். சுருளுக்குள் காந்தப்புலம் எழுந்து விழுந்து எழ, அந்த மாற்றம் சுருளிலேயே ஓர் எதிர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. சுழலியும் சுற்றத் தொடங்கிவிட்டால் அந்த எதிர்ப்பு இன்னும் பலமாக இருக்கும். ஆகவே 230 வோல்ட் முழுவதும் அந்த 380 ஓம் செம்புக்கு மேல் விழுவதில்லை. மின்னோட்டம் 0.6 அம்பியருக்குப் போகாமல் 0.25 அளவில் நிற்கிறது.

0.25இன் வர்க்கத்தை 380ஆல் பெருக்கினால் சுமார் 24 வாட். 55 வாட்டில் சூடாகச் சுருளில் போவது ஏறக்குறைய அவ்வளவு. கப்பாசிட்டரோடு போகும் துணைச் சுருள் ஒன்றும் இருப்பதால் இதைக் குத்துமதிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் இரும்பு உள்ளகத்தில் கொஞ்சம் வீணாகிறது, மீதிதான் இறக்கையைச் சுற்றிக் காற்றைத் தள்ளுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். எண்ணெய் வற்றி ஃபேன் இறுகி நின்றுவிட்டால் சுருளுக்குப் போகும் மின்னோட்டம் கூடும், காற்றும் இல்லை. அதனால்தான் நின்றுபோன ஃபேனிலிருந்து கருகல் வாடை வருகிறது.

---

நிரோ_ஏஎல் | காலை 8.30

அப்படியானால் எங்கள் 9 வாட் எல்ஈடி பல்பில் 0.075 அம்பியர் என்று போட்டிருப்பதும் இதே கதையா? 9 ÷ 230 என்றால் 0.039தானே வர வேண்டும்?

---

பௌதிகம்_பம்பலப்பிட்டி | காலை 8.34

அதே குடும்பம், வேறு பிள்ளை. அங்கே சுருள் இல்லை. உள்ளே இருக்கும் சுற்று அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைக் கடித்து எடுக்கிறது. வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் 17 வருகிறது, உண்மை வலு 9தான். இந்த இரண்டின் விகிதத்தைத்தான் வலுக்காரணி என்பார்கள், இங்கே அது சுமார் 0.5. வீட்டு மீற்றர் உண்மை வலுவைத்தான் எண்ணும், பில்லுக்குப் பயப்பட வேண்டாம். ஏ.எல். பாடத்துக்கு இது தேவைப்படாது.

---

மோதரை_மைந்தன் | காலை 10.12

நல்ல உரையாடல். என் கேள்வியையும் இங்கேயே போடுகிறேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது வாங்கிய 12 வோல்ட் பற்றரியும் இன்வேட்டரும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. பற்றரியை வேறு மூலைக்கு மாற்ற வேண்டும், 2 மீற்றர் தள்ளி. வீட்டில் 7/0.67 வயர் மிச்சம் இருக்கிறது. இன்வேட்டரில் ஃபேன், லைட், டிவி, ரவுட்டர் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 600 வாட். ப்ளக் பேஸுக்கே போதுமான வயர், 12 வோல்ட்டுக்குப் போதாதா என்ன?

---

வயரிங்_மாமா | காலை 10.40

போதாது தம்பி. வோல்ட் குறைவு என்றால் பயம் குறைவு என்று நினைப்பது இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும்.

600 வாட்டை 230ஆல் பிரித்தால் 2.6 அம்பியர். அதே 600ஐ 12ஆல் பிரித்தால் 50 அம்பியர். வலு ஒன்றே, வோல்ட் குறைந்ததால் அம்பியர் ஏறிவிட்டது. இன்வேட்டரில் வீணாகும் வலுவையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

7/0.67 வயரின் தடை கிலோமீற்றருக்கு 7.41 ஓம். போக 2 மீற்றர், வர 2 மீற்றர், ஆக 4 மீற்றர், 0.03 ஓம். 50 அம்பியரில் வயரில் விழும் அழுத்தம் 1.5 வோல்ட். 230இல் 1.5 போனால் யாருக்கும் தெரியாது. 12இல் 1.5 போனால் இன்வேட்டருக்குக் கிடைப்பது 10.5 வோல்ட், பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து அது கத்தத் தொடங்கும். பற்றரியோ நிறைந்திருக்கும். அந்த நேரம் வயரில் சூடாகப் போவது 75 வாட். அந்த வயருக்கு 50 அம்பியர் தாங்கவும் தாங்காது, உறை இளகிவிடும்.

25 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் வாங்குங்கள். 4 மீற்றருக்கு 0.003 ஓம், விழுவது 0.15 வோல்ட், சூடு 8 வாட்டுக்குள். விலை கூடத்தான். அதைவிட நல்லது, பற்றரி எங்கே போகிறதோ இன்வேட்டரையும் அங்கேயே வையுங்கள். 12 வோல்ட் பக்கத்தை அரை மீற்றருக்குள் வைத்துவிட்டு, 230 பக்கத்தை நீட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்கு உங்கள் மிச்ச வயர் தாராளமாகப் போதும்.

---

மோதரை_மைந்தன் | காலை 10.58

இன்வேட்டரைச் சேர்த்தே நகர்த்துகிறேன் அண்ணா, வயர்ச் செலவு மிச்சம். பற்றரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, அதைத் துடைத்தால் போதுமா?

---

வயரிங்_மாமா | காலை 11.06

துடைத்தால் போதாது. முதலில் இன்வேட்டரை நிறுத்துங்கள், பிறகு கழற்றுங்கள். கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், பூட்டும்போது கறுப்பு வயர் கடைசியில். வெந்நீரில் அப்பச் சோடா கலந்து கழுவி, காய்ந்ததும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். அந்தப் பூப்பில் 0.01 ஓம் இருந்தாலே 50 அம்பியரில் 25 வாட், அரை வோல்ட்டும் போய்விடும். கையுறை போடுங்கள், மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள்.